தெம்பி போட்ட கொண்டைகள்

ஒரு தலைக்கு ஒரு கொண்டை என்ற எண்ணத்தோடு மன்னாரிலிருந்து லண்டனுக்கு வந்தவள் டொலறஸ். அதுவும் பின்கழுத்துக்குச் சற்று மேலே, அடக்க ஒடுக்கமாக, பூசைக்குப் போனால் முக்காடு வழுக்காத இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே எண்பத்தேழாம் ஆண்டு, லூயிஷாமில் கவுன்சில் கொடுத்த பிளாட்டுக்கு வந்த கையோடு, எதிர்வீட்டு வாசலில் நின்ற நாலு வயதுப் பிள்ளையின் தலையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியோரம் தொடங்கிப் பிடரிவரை தலை முழுவதும் குட்டிக் குட்டிக் கொண்டைகள். தட்டில் அடுக்கிவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒவ்வொன்றும் தன்பாட்டில் குந்திக்கொண்டிருந்தது.

"சிரிக்கிறதெண்டால் உள்ளுக்கு வந்து சிரி. கதவைத் திறந்து வைச்சால் குளிர் வருது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அதுதான் தெம்பி. தென்னாபிரிக்காவில் நேட்டால் மாகாணத்து சூலு இனப் பெண். அங்கே வெள்ளைக்காரரின் பொலிஸ் தேடியதால் வயிற்றுப் பிள்ளையோடு ஓடி வந்தவள். புருஷன் எல்லை தாண்டிப் போராடப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைக்குப் பெயர் லின்டிவே. எல்லாருக்கும் லின்டி. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. டொலறஸுடையது கொன்வென்ற் ஆங்கிலம், தெம்பியுடையது மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலம். கடைக்காரனுக்கு இரண்டும் விளங்காது. ஆனால் தெம்பி சொன்னதெல்லாம் டொலறஸின் காதுக்குள் தமிழாகவே விழுந்தது.

தெம்பிக்கு முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை. டொலறஸின் புருஷன் சூசைதாசனுக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. டொலறஸுக்கோ வேலையும் இல்லை, பிள்ளையும் இல்லை. கோயிலில் பார்க்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். ஆகவே லின்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. சாவி இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிற்று. பிள்ளைக்குப் புட்டும் பழகிவிட்டது, மீன் சொதியும் பழகிவிட்டது. அவள் வாயில் வந்த முதல் தமிழ்ச் சொல் "ஏலாது". முடியாது என்பதற்கு டொலறஸ் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற சொல் அதுதானே. குளிக்க வா என்றால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏலாது, அன்ரி" என்பாள். சூசைதாசன் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

சனிக்கிழமைதான் தலை நாள். முதல் சனிக்கிழமை டொலறஸ் தன் கெட்டித்தனத்தைக் காட்டப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழைய கொண்டைகளை அவிழ்த்து, உச்சியில் தேங்காயெண்ணெயை ஊற்றி, நம்மூர் வழக்கப்படி மேலிருந்து கீழே ஒரே இழுவையாக இழுத்தாள். சீப்பின் பல் முறிந்தது. பிள்ளை போட்ட சத்தத்தில் மேல்மாடிக் கிழவர் வந்து கதவைத் தட்டினார்.

"உது என்ன, வைக்கோல் இழுக்கிறியோ?" என்று தெம்பி அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "நுனியில இருந்து தொடங்கு. தண்ணி தெளி. விரலாலே சிக்கெடு. இந்தத் தலைமயிரோட சண்டை பிடிச்சால் அது வெல்லும்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். வால்சீப்பின் நுனியால் கட்டம் கட்டமாக வகிடு பிரித்து, ஈரத்தோடு ஒரு கட்டத்து மயிரைப் பிடித்து, அடியிலிருந்தே ஒரே பக்கமாக முறுக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற அது தானாகவே சுருண்டு வரும். அந்தச் சுருளை அடியைச் சுற்றிச் சுற்றி உட்காரவைத்து, நுனியைக் கீழே செருகிவிட்டால் கொண்டை. இழுத்துக் கட்டினால் பிள்ளைக்குத் தலை இடிக்கும். இளக்கமாக விட்டால் பள்ளிக்கூடத்திலேயே அவிழும். அந்த நடுவுக் கையைப் பழக டொலறஸுக்கு ஒரு வருடம் பிடித்தது. பழகியபின், தெம்பிக்கு ஷிப்ட் இருக்கிற சனிக்கிழமைகளில் அவளே அவிழ்த்து, கழுவி, புதிதாகப் போட்டுவிடுவாள். ஒருநாள் தெம்பி வேடிக்கைக்காக டொலறஸின் தலையிலும் போட்டுப் பார்த்தாள். எண்ணெய் ஊறிய நேர்மயிர். ஒன்றைப் போட்டு மற்றதுக்குப் போகுமுன் முன்னது வழுக்கி அவிழ்ந்தது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அந்தக் கொண்டைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்பதைச் சந்தையில் வைத்துத்தான் டொலறஸ் அறிந்தாள். வாழைக்காய் விற்கிற ஜமேக்காக்காரி லின்டியின் தலையைத் தடவி, "ஆ, சைனி பம்ப்ஸ்! எங்கட ஊர்க் கொண்டை!" என்றாள். தெம்பி விடுவாளா? "உங்கட ஊருக்கு அது கப்பல்ல போனது. உங்கட ஆக்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுபோனவங்கள். தலையில இருந்ததை மட்டும் பறிக்க ஏலாமல் போச்சு," என்றாள். வாழைக்காய்க்காரி பையில் இரண்டு காய் கூடப் போட்டாள்.

இன்னொரு முறை, சலூன் ஒன்றின் கண்ணாடியில் இதே கொண்டைக்கு 'பான்டு நொட்ஸ்', அதாவது பான்டு முடிச்சுகள், என்று புதிதாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டு தெம்பி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பான்டு என்றால் அவள் பக்கத்து மொழிகளில் மனிதர்கள் என்று அர்த்தமாம். வெள்ளைக்கார அரசாங்கம் அந்த நல்ல சொல்லை எடுத்து, இன்ன தெருவில் நடக்கக்கூடாது, இன்ன பள்ளிக்கூடத்தில் படிக்கக்கூடாது என்று அவர்களைப் பிரித்து வைக்கிற முத்திரையாக்கிவிட்டதாம். "எங்களை அடிச்ச சொல்லை என்ட பிள்ளையின்ட தலையில வைக்கமாட்டன்," என்றாள். டொலறஸ், "எங்கட வீட்டில அதுக்குப் பேர் குட்டிக் கொண்டை. அவ்வளவுதான்," என்றாள். தெம்பிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவளும் 'குட்டிக் கொண்டை' என்றே சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில், அவர்களுடைய தலைவரை இருபத்தேழு வருடம் அடைத்து வைத்திருந்த சிறைக்கதவு அவளுடைய நாட்டில் திறந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் தெம்பி ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையை இடித்தார். அந்த வாரமே பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். டொலறஸுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவளுடைய ஊரில் அதே வருடம்தான் சண்டை திரும்பத் தொடங்கி, சனம் படகேறி இந்தியாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தெம்பிக்குப் போக ஒரு ஊர் கிடைத்துவிட்டது. போகும்போது லின்டியையும் கொண்டு போய்விடுவாள். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் டொலறஸ் தன்னைத் தானே ஏசிக்கொண்டாள்.

தெம்பி போகவில்லை. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே கிடக்க, அவளுக்கு வயிற்றில் நோ தொடங்கியது. வாய்வு என்றாள், களைப்பு என்றாள். கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரல்வரை போய்விட்டிருந்தது. மருந்து அவளுடைய தலைமயிர் முழுவதையும் கொண்டுபோனது. நீலத் துணி ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். "இப்ப எனக்கும் சேர்த்து இவள்தான் கொண்டை போட வேணும்," என்று லின்டியின் தலையைத் தடவுவாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வால்சீப்பும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வரச் சொன்னாள். டொலறஸ், "நீ படு, நான் போட்டுவிடுறன்," என்றாள்.

"இண்டைக்கு நான்," என்றாள் தெம்பி.

ஒன்பது வயது லின்டி கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தெம்பி வால்சீப்பை எடுத்தாள். வகிடு கோணிக்கொண்டு போயிற்று. ஒரு கொண்டை போட்டால் தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். நேர்ஸ் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மத்தியானம் தொடங்கியது பொழுதுபடத்தான் முடிந்தது. கடைசிக் கொண்டை இடது காதுக்குப் பின்னால். அதற்கு மயிர் போதாமல் சின்னதாய், ஒரு பக்கம் சரிந்து நின்றது. டொலறஸின் கை அதைச் சரிசெய்யத் துடித்தது. கையை மடியில் அடக்கிக்கொண்டாள்.

"துலா வரும்வரைக்கும் பிள்ளையைப் பார்," என்றாள் தெம்பி. துலா அவளுடைய தமக்கை, டேர்பனில் இருப்பவள். பிள்ளையை அவள் வந்து அழைத்துப் போவதென்று எப்போதோ பேசி முடித்தாயிற்று. 'நீயே வைத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை வராதா என்று டொலறஸ் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. வருவது நியாயமும் இல்லை. சொந்த இரத்தம் இருக்கிறது, திறந்துவிட்ட ஊர் இருக்கிறது. டொலறஸுக்கு வேண்டியிருந்தது இனி ஒன்றே ஒன்றுதான். போகிற பிள்ளை, அன்ரி என்று ஒருத்தி என்னைத் தாங்கினாள் என்ற நினைப்போடு போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தெம்பி செத்துப்போனாள்.

லூயிஷாமில் தெம்பிக்கு வேறு யார்? செத்த வீடு டொலறஸின் பிளாட்டில்தான் நடந்தது. எல்லாரும் போகிற கோயில் ஒன்றுதானே, தமிழ்ப் பெண்களும் செபமாலை சொல்ல வந்தார்கள். முன்னால் வந்தவர் பிலோமினம்மா. லண்டனில் எந்தத் தமிழ்ச் சாவுக்கும் முதல் ஆளாய் நின்று, யார் எங்கே இருக்க வேண்டும், எப்போது அழ வேண்டும் என்று சொல்லுகிறவர். கெட்ட மனுஷி இல்லை. அவர் சொல்வதைக் கேட்காமலிருக்கத்தான் யாருக்கும் தைரியம் வராது. செபமாலை முடிந்ததும் அவர் லின்டியைப் பார்த்தார். பிறகு டொலறஸைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஏன் பிள்ளை, பெத்த தாய் செத்துக் கிடக்கிறா. பிள்ளையின்ட தலையைச் சோடிச்சபடி வைச்சிருக்கிறியே? நாளைக்கு இப்பிடியே பெட்டியடிக்குக் கொண்டு போப்போறியா?"

"அது அவையின்ட வழக்கமான கொண்டை, பிலோமினம்மா."

"கொண்டை கொண்டைதானே. தாய்க்குத் தலையை விரிக்காத பொம்பிளைப் பிள்ளை உண்டே? ஆரும் இல்லாத பிள்ளை எண்டெல்லோ நினைக்கப் போகினம்."

அந்தக் கடைசிச் சொல் டொலறஸைக் குத்திவிட்டது. யாருமில்லாத பிள்ளையா? அவள் இருக்கிறாளே. மன்னாரில் அவளுடைய தாய் செத்த அன்றைக்கு, அவளும் தங்கச்சிமாரும் கொண்டையை அவிழ்த்துத் தலைவிரித்துத்தான் பெட்டிக்குப் பின்னால் போனார்கள். துக்கத்துக்கு அதுதான் மரியாதை. அதைவிட வேறு விதமாக ஒரு மகள் தாயை அனுப்ப முடியும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கொண்டையை அவிழ்ப்பதும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவிழ்ப்பதுதானே. பிறகு புதிதாகப் போட்டால் போயிற்று.

அடக்கத்து நாள் காலையில் லின்டி சோபாவில், டொலறஸின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். இரவு முழுவதும் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு அப்போதுதான் அயர்ந்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. டொலறஸ் முதல் கொண்டையின் நுனியை விரலால் தேடி எடுத்து, சுருளை மெல்ல விட்டாள். பிறகு அடுத்தது. தெம்பி படிப்பித்த கையல்லவா? ஒரு மயிர் இழுபடவில்லை. பிள்ளை ஒரு முறைகூட அசையவில்லை. இதைத் தெம்பி பார்த்தால் மெச்சுவாள் என்றுகூட அவள் நினைத்தாள். அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் சுவரில் தலையை மோதிக்கொண்டாள். எல்லாம் அவிழ்ந்தாயிற்று என்று விரல்களால் கோதிக்கொண்டிருக்கும்போது கார் வந்துவிட்டதென்று பெல் அடித்தது.

லின்டி எழுந்து உட்கார்ந்தாள். கை தன்பாட்டில் தலைக்குப் போயிற்று. முன்னால் தடவினாள், உச்சியில் தடவினாள். இரண்டு கைகளாலும் பிடரிவரை தேடினாள். இடது கை காதோரம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"ஆர் அவிழ்த்தது?" என்றாள்.

"நான்தான் ராசாத்தி. அம்மாவுக்காக. எங்கட ஊரில..."

"அது அம்மா போட்டது."

 அப்போதுதான், அந்த ஒரு கணத்தில்தான், தான் என்ன செய்தாள் என்பது டொலறஸுக்கு விளங்கியது. தெம்பியின் கை கடைசியாகச் செய்த வேலை அது. மூச்சு வாங்கி வாங்கிச் செய்தது. அதைத்தான் பக்குவமாக, நோகாமல் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தாள்.

"இப்பவே போட்டுவிடுறன். பார், அம்மா பிரிச்ச வகிடு அப்பிடியே கிடக்கு. அதே கட்டத்தில போடுறன்," என்று வால்சீப்பைத் தேடி ஓடி வந்தாள். லின்டி தலையை ஆட்டி மறுத்து, பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இப்ப அம்மாக்கு என்னை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

டொலறஸ் அழுதாள். பிள்ளை அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைத் திறந்து, தாயின் நீலத் துணியை எடுத்துத் தலையை மூடிக் கட்டினாள். இடது கையைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு கையாலும் பல்லாலும் கட்டினாள். உதவப்போன டொலறஸைக் கிட்ட வரவிடவில்லை. "காது நோகுதா?" என்று கேட்டதற்கு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கோயிலில் துலா நின்றாள். ஹீத்ரோவில் இறங்கி நேரே வந்தவள். பெட்டி திறந்திருந்தது. தலைவிரித்த பிள்ளையைப் பார்க்கக் காத்திருந்த பிலோமினம்மாவுக்குத் தலையை மூடிய பிள்ளைதான் கிடைத்தது. லின்டி எல்லாரும் விலகும்வரை நின்றாள். பிறகு தனியே பெட்டியடிக்குப் போய், தாயின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, காதோரத்துத் துணியை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பின்னால் இருந்த டொலறஸ், பிள்ளை தாயின் வாயில் காதை வைத்துக் கேட்கிறாள் என்று நினைத்துக் குமுறிக் குமுறி அழுதாள்.

மறுநாள் துலா பிள்ளையைக் குசினிக் கதிரையில் இருத்தி, தோளில் துவாயைப் போட்டாள். தாய் செத்தால் பிள்ளையின் தலையை வழிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அதைக் கேட்டதும் டொலறஸால் தாங்க முடியவில்லை. நடந்ததெல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். துலா பொறுமையாகக் கேட்டாள்.

"நான் இண்டைக்கு வழிக்கத்தான் இருந்தன். எப்பிடியும் போயிருக்கும்," என்றாள். டொலறஸ் மூச்சு விட்டாள். துலா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "ஆனால் நேற்று இருந்திருக்கும்," என்றும் சொன்னாள்.

பிறகு நீலத் துணியை அவிழ்த்தாள். லின்டி இடது கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை. துலா அவர்களுடைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். பிள்ளை டொலறஸை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

காதுக்குப் பின்னால் ஒரு கொண்டை இருந்தது. சின்னது, ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பக்கத்தை மடியில் வைத்துப் பிள்ளை படுத்திருந்ததால் டொலறஸின் விரலுக்கு அது தப்பிவிட்டிருந்தது. கோயிலிலும் அடக்கத்திலும் இரவிலும் பிள்ளை அதைத்தான் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். யாரிடமிருந்து அதைக் காத்தாள் என்று டொலறஸ் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

துலா தலை முழுவதையும் வழித்துவிட்டு, கடைசியாகக் கத்தரிக்கோலை எடுத்து, அந்தக் கொண்டையை அவிழாமல் அடியோடு வெட்டி, கறுப்பு நூலால் கட்டிப் பிள்ளையின் கையில் வைத்தாள். லின்டி விரல்களை மூடிக்கொண்டாள்.

போகிற நாளில் தெம்பி வாங்கி வைத்த பெரிய சூட்கேஸைச் சூசைதாசன் லிப்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். வாசலில் லின்டி டொலறஸைக் கட்டிப்பிடித்தாள். ஒரு கையால்தான். மொட்டைத் தலையை அவளுடைய வயிற்றில் சாய்த்து, கொஞ்சம் அழுதாள். டொலறஸ் குனிந்து அந்தத் தலையைக் கொஞ்சினாள். வெறுப்பில்லை, பிள்ளை என்னை வெறுக்கவில்லை என்று அவளுக்கு உயிர் வந்தது. அந்தத் துணிவில்தான் கேட்டாள்.

"லின்டி, போறதுக்கு முதல் அதை எனக்கு ஒருக்காக் காட்டுவியா? தொடமாட்டன். பார்க்க மட்டும்."

லின்டி அவளை அண்ணாந்து பார்த்தாள். மூடியிருந்த கை முதுகுக்குப் பின்னால் போனது. முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. டொலறஸுக்கு நோகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அதைத் தமிழிலேயே சொன்னாள்.

"ஏலாது, அன்ரி."

"ஓம் பிள்ளை," என்றாள் டொலறஸ். "ஏலாதுதான்."

லிப்ட் வந்தது. சூசைதாசன் சூட்கேஸை உள்ளே தள்ளினான். துலா பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடும்வரை லின்டி இவளைப் பார்த்தபடியே நின்றாள். கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.